பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

'ஊருக்குப் போகிறோம்' என்னும் தொடர் நம் வீடுகளில் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. தீபாவளி நெருங்கும்போதும் பள்ளி விடுமுறை தொடங்கும்போதும் அது எழுகிறது. நம் பாட்டனார் காலத்தில் அத்தொடர் தஞ்சையையோ திருச்சியையோ சேலத்தையோ குறித்தது. இன்று சிங்கப்பூரிலும் மெல்போர்னிலும் இலண்டனிலும் வாழும் மலேசியத் தமிழர்க்கு அது ஈப்போவையும் கிள்ளானையும் சுங்கை சிப்புட்டையும் குறிக்கிறது. ஊர் மாறியது இயல்பே. ஆயின், ஊருக்குப் போகிறவர் அங்கே செய்வது என்ன, போகிறவருக்கும் காத்திருப்பவருக்கும் இடையே இன்று எஞ்சியிருப்பது என்ன என்னும் வினாக்களை நாம் எழுப்புவதே இல்லை. அவற்றை எழுப்பவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. கசப்பான உண்மைகள் சிலவற்றைச் சொல்ல நேரும். அவற்றுள் முதற்கண் சொல்லத்தக்கது என் சொந்தக் குற்றம் ஆதலால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் குற்றம்

நான் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பிழைப்பின் பொருட்டுச் சிங்கப்பூருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. தோட்டம் துண்டாடப்பட்ட பின், என் தாயார் அருகிலிருந்த பட்டணத்தில் மலிவுவிலை அடுக்குமாடி வீடொன்றில் என் தமக்கையாருடன் வாழ்ந்தார். ஆண்டுக்கு இருமுறை, முறைக்கு இரண்டு மூன்று நாள் என நான் போய்வந்தேன். கை நிறையப் பொருள்கள் கொண்டுபோனேன். மாதந்தோறும் பணம் அனுப்பினேன். மகன் செய்யவேண்டிய கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நோய்த்தொற்றின் காரணமாக எல்லை மூடப்பட்டது. நாள்தோறும் பல இலட்சம் பேர் கடக்கும் ஜொகூர்ப் பாலம் ஒரே இரவில் வெறிச்சோடிற்று. தாயாரைக் கைப்பேசித் திரையில் மட்டுமே காண முடிந்தது. ஒருநாள் என் மகளைத் திரைமுன் அமர்த்தினேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழ்ப் பாடத்தில் மிக உயர்ந்த தரம் பெற்றவள்.

"தாயி, பசியாறியாச்சா?" என்று என் தாயார் கேட்டார்.

பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டி என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் விடை சொன்னாள். அதனை நான் தமிழாக்கி என் தாயாருக்குச் சொன்னேன். அன்றைய உரையாடல் முழுவதும் இவ்வாறே நிகழ்ந்தது. 'பெரட்டுக்கு விடியமுன்னே எந்திரிச்ச ஒடம்பு' என்று என் தாயார் தம் முழங்கால் வலிக்குக் காரணம் சொன்னபோது நானும் தடுமாறினேன். தோட்டத் தொழிலாளர் விடியுமுன் திரண்டு நின்று பெயர் கொடுத்து வேலை பெற்ற அந்தப் பெரட்டை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? 'ஏதோ பழைய வேலையைப் பற்றிச் சொல்கிறார்' என்று முடித்துவிட்டேன். என் தாயார் நாற்பது ஆண்டு உழைத்த உழைப்பு அன்று என் வாயில் 'ஏதோ பழைய வேலை' ஆயிற்று.

அதே ஆண்டில் என் மகள் பள்ளியில் 'என் பாட்டி' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினாள். பிழையில்லாத தமிழ், அழகிய கையெழுத்து. பாட்டி அன்பின் உருவம், அனுபவத்தின் களஞ்சியம், குடும்பத்தின் ஆணிவேர் என்றெல்லாம் இருந்தது. ஆசிரியர் பாராட்டி மதிப்பெண் வழங்கியிருந்தார். அக்கட்டுரையை எவர் பாட்டிக்கு வேண்டுமானாலும் பொருத்திவிடலாம். என் தாயார் அதில் ஓரிடத்திலும் இல்லை.

அவ்வாண்டு அக்டோபரில் என் தாயார் மறைந்தார். எல்லை கடந்தாலும் பதினான்கு நாள் தனிமைப்படுத்தல் காத்திருந்தது. உடல் அதுவரை காத்திராது. இறுதிச் சடங்கைத் திரையில்தான் கண்டேன். சில நாள் கழித்து என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "பாட்டியின் அம்மா எந்த ஊரிலிருந்து வந்தார்? எப்படி வந்தார்?" எனக்கு விடை தெரியவில்லை. ஊரின் பெயரும் தெரியவில்லை; கப்பலின் பெயரும் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் போய்வந்தும் நான் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இது என் ஒருவன் கதையாயின் இங்கே எழுதத் தேவையில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் தத்தம் வீட்டை ஒருகணம் எண்ணிப் பார்த்தால், இது பலர் கதை என்பதை உணர்வர்.

முன்னோர் போனவாறு

நம் முன்னோர் ஊருக்குப் போன வகையை நினைவுகூர்வோம். மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன் பின்னரும் கங்காணிமார் ஆள் திரட்டியதாலும், 1907இல் ஏற்பட்ட குடிநுழைவு நிதி கப்பற் செலவை ஏற்றதாலும் இலட்சக்கணக்கானோர் கடல் கடந்தனர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. அதன் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்தனர் நம்மவர். 1970களின் தொடக்கத்தில் அக்கப்பல் ஓய்ந்தது. பின் வந்த சிதம்பரம் கப்பலின் சேவையும் 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு முடிவுற்றது.

அந்த முன்னோரை நான் தெய்வமாக்கப் போவதில்லை. இரும்புப் பெட்டியில் கோடாலித் தைலமும் சவர்க்காரமும் சேலையும் அடுக்கிக்கொண்டு, கழுத்தில் கிடந்த நகை கடன் வாங்கிச் செய்தது என்பதை மறைத்துக்கொண்டு, கிராமத்துத் தெருவில் நடந்தவர் பலர். லயத்து வீட்டின் ஒற்றை அறையில் எட்டுப்பேர் படுத்துறங்கியதை அவர்கள் ஊரில் சொல்லவில்லை. 'மலேயாக்காரர்' என்னும் பட்டத்தைக் காப்பாற்றப் பொய் பேசினர். ஊரில் இருந்தவரும் பெட்டியைப் பார்த்தனரேயன்றி, வந்தவரின் காய்த்த கையைப் பார்க்கவில்லை. அந்தப் போலிப் பெருமையை எள்ளி நகையாடும் உரிமை நமக்கு உண்டு எனின், நம்மையும் அதே கண்ணாடியில் பார்க்கும் கடமையும் நமக்கு உண்டு.

அவர்களிடம் ஒன்று மட்டும் இருந்தது. பத்தாண்டு கழித்துத் திரும்பிய மகனும் அவனைப் பெற்றவளும் ஒரே தமிழில் அழுதனர். 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் கடிதம் நின்றது, பணவிடை நின்றது, உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் பலர் காத்திருந்தனர். 1968இல் வந்த சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. அதனால் 1969க்குப் பின் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் தமிழ்நாடு திரும்பியபோது அண்ணன் அங்கும் தம்பி இங்கும் எனக் குடும்பங்கள் பிளந்தன. கடலும் போரும் சட்டமும் அவர்களைப் பிரித்தன, மொழி பிரிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினார். 'கறுப்பி கன்னு போட்டிருக்கு' என்று அவள் சொன்னால் அதுவே தாளில் ஏறியது.

இன்று ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இருப்பது ஓர் இரவுப் பேருந்துப் பயணம். விரும்பிய கணத்தில் முகம் பார்த்துப் பேசும் கருவி ஒவ்வொரு சட்டைப்பையிலும் உள்ளது. தொலைவு என்னும் சாக்கு நமக்கு இல்லை. ஆயினும் நாம் பிரிந்திருக்கிறோம். இப்பிரிவினைச் செய்தவர் யார்?

வருகை தருவோர் மீது மூன்று குற்றச்சாட்டுகள்

முதற் குற்றச்சாட்டு, நாம் விருந்தினராய்ப் போகிறோம் என்பது. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். அந்த வேறுபாடு நம் சட்டைப்பையோடு நின்றுவிடவில்லை. நம் நடையிலும் பேச்சிலும் ஏறிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவரின் நிலையும் இதுவே. தாய் வீட்டில் வெப்பம் தாங்கவில்லை என்று விடுதியில் அறை எடுக்கிறோம். 'இன்னுமா இந்தச் சாலை இப்படிக் கிடக்கிறது?' என்று கேட்கிறோம். அங்கேயே தங்கி, பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று, இரவில் விழித்திருந்து, அவர்தம் சிடுசிடுப்பையும் பொறுத்துக்கொண்ட தங்கையிடம், 'அம்மாவை ஏன் நல்ல மருத்துவரிடம் காட்டவில்லை?' என்று வினவுகிறோம். அவள் பதில் சொல்லாமல் தேநீர் கலக்கப் போய்விடுகிறாள். அவளது மௌனத்தை நாம் மரியாதை என்று எண்ணிக்கொள்கிறோம்.

இரண்டாம் குற்றச்சாட்டு, நாம் மனிதரை விட்டு இடத்தைத் தேடுகிறோம் என்பது. பழைய தோட்டத்தைப் பார்க்கக் காரில் போகிறோம். இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அல்லது வீடமைப்புத் திட்டம் எழுந்துள்ளது. லயங்கள் இல்லை. கோயில் மட்டும் தனித்து நிற்கிறது. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்; கண் கலங்குகிறோம்; 'என் மண்' என்று எழுதி நண்பர்க்கு அனுப்புகிறோம். அந்த லயங்களில் வாழ்ந்தோர் எங்கே போயினர் என்று கேட்கிறோமா? நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் இருப்பவை ஏறத்தாழ 530. மூடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தோட்டத்துச் சிறு பள்ளிகள். எஞ்சியிருப்பவற்றிலும் மாணவர் குறைந்த பள்ளிகள் பல. நாம் படித்த பள்ளியின் பழைய கட்டடத்தைப் பார்த்து ஏங்கும் நாம், அது இடம்பெயர்ந்து நடக்கும் ஊருக்கு ஒருமுறை சென்று, ஒரு நூலையேனும் கொடுத்ததுண்டா? இழந்ததை எண்ணி அழுவது எளிது. இருப்பதைத் தாங்குவதற்கு உழைப்பு வேண்டும்.

மூன்றாம் குற்றச்சாட்டே தலையாயது. நம் பிள்ளைகளை ஊமைகளாய் அழைத்துச் செல்கிறோம். பாட்டி வீட்டு வாசலில் அவர்கள் காலணியைக் கழற்றுகிறார்கள், ஒரு புன்னகை, பிறகு மூலையில் கைப்பேசி. சூழ்ந்து நிற்கும் உறவினர் யாவரும் அவர்களுக்கு 'ஆண்டி', 'அங்கிள்' என்னும் இரண்டே சொற்களில் அடங்கிவிடுகின்றனர். அத்தை வேறு, சித்தி வேறு, பெரியம்மா வேறு, மாமி வேறு என்று பிரித்து வைத்த மொழி நம்முடையது. அத்தை மக்கள் நமக்கு மைத்துனர் முறை. பெரியம்மா மக்கள் நமக்கு உடன்பிறந்தார் முறை. அச்சொற்கள் வெறும் விளிகள் அல்ல. ஒரு குடும்பத்தில் நான் யார், எனக்கு எவரிடம் என்ன உரிமை, எவர்க்கு நான் என்ன கடமைப்பட்டவன் என்பதைக் காட்டும் வரைபடம் அது. அந்த வரைபடத்தைக் கிழித்துவிட்டுப் பிள்ளையை உறவினர் நடுவே விட்டால், அப்பிள்ளை வழி தெரியாமல் மூலையில்தான் ஒதுங்கும். பிறகு, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாசமே இல்லை' என்று நாமே பழிக்கிறோம்.

மறுப்புக்கு மறுப்பு

இவ்வளவு சொன்னதும் மறுப்புகள் எழும். அவற்றை ஒதுக்காமல் எடுத்துப் பார்ப்பதே நேர்மை.

'மாதந்தோறும் பணம் அனுப்புகிறோமே, அது அன்பு அன்றோ?' என்பது முதல் மறுப்பு. அன்புதான். பணத்தை இழிவாகப் பேசுவோர் பசியறியாதவர். மலாயாவிலிருந்து சென்ற பணவிடைகள் தஞ்சைக் கிராமங்களில் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தன. என் தாயாரின் மருந்துச் செலவை என் பணம் ஏற்றது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆயின், பணம் அனுப்பியதாலேயே வேறெதுவும் தரத் தேவையில்லை என்று நான் எண்ணியதற்காக வெட்கப்படுகிறேன். என் தாயார் தொலைபேசியில் ஒருமுறைகூட 'பணம் வந்துச்சா' என்று தொடங்கியதில்லை. 'எப்ப வருவ?' என்றே தொடங்கினார்.

'ஆங்கிலமின்றி இவ்வுலகில் பிழைக்க முடியுமா?' என்பது இரண்டாம் மறுப்பு. முடியாது. ஆங்கிலத்தைக் கைவிடுமாறு எவரும் சொல்லவில்லை. பள்ளியில் ஆங்கிலம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்பது ஒன்று. சோற்றுத் தட்டின் முன்னும் ஆங்கிலம் என்பது வேறொன்று. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 36.7 விழுக்காட்டினர், 2020இல் 27.2 விழுக்காட்டினர். ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் அதே பத்தாண்டில் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு உயர்ந்தனர். இந்தியர் என்னும் தொகுப்பில் தமிழரல்லாதாரும் உளர் என்பது உண்மை. அதனால் இச்சரிவின் திசை மாறிவிடாது. தமிழ் ஆட்சிமொழியாய், பள்ளிப் பாடமாய், வானொலியாய், தொலைக்காட்சியாய் நிலைபெற்ற ஒரு நாட்டிலேயே இது நிகழ்ந்தது. ஆகவே அரசைக் குறைகூறிப் பயனில்லை. தமிழை வெளியேற்றியது நம் வீட்டுச் சமையலறை.

மூன்றாம் மறுப்பு தமிழாசிரியர் சிலரிடமிருந்து வரும். 'பசியாறியாச்சா, எந்திரிச்ச ஒடம்பு என்பனவெல்லாம் கொச்சை. வகுப்பறைக்குள் அவற்றை விட்டால் தமிழ் கெடும்' என்பர். செந்தமிழின்பால் அவர்கள் கொண்ட பற்றை நான் வணங்குகிறேன். இக்கட்டுரையையும் அத்தமிழிலேயே எழுதுகிறேன். ஆயினும் அவர்களை ஒன்று கேட்கிறேன். 'பசியாறு' என்பது எந்த மொழியிலிருந்து வந்த கடன்? பசியும் ஆறுதலும் தமிழல்லவா? என் மகள் படித்த 'காலைச் சிற்றுண்டி'யைவிட எவ்வகையில் அது தாழ்ந்தது? பால்மரங்களின் வரிசையைத் தோட்டத் தொழிலாளர் 'நிரை' என்றனர். சங்கப் பாடல்களுக்கு உரை காணும்போது நாம் பொருள் விளக்கும் அதே சொல்லை, பள்ளி வாசலை மிதியாத ஒரு பெண் கையில் உளியோடும் வாளியோடும் நடந்தபடியே வழங்கினாள். இலக்கணம் பேச்சை இகழவில்லை. வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் நாடியே தம் நூல் எழுந்ததாகத் தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது. வழக்கை முன்வைத்தே சொல்கிறது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் ஆசிரியர் அறைகளில் அவ்விவாதம் ஓயவில்லை. அவ்விவாதத்தைத் தீர்க்க ஓர் எளிய தேர்வு உண்டு: மாணவன் தன் பாட்டியோடு கால்மணி நேரம் பேச முடிகிறதா? முடியாதெனின், அவன் பெற்ற மதிப்பெண் எதனை அளந்தது?

கற்றோர் மேடையில் எழும் நான்காம் மறுப்பும் ஒன்றுண்டு. 'எல்லா ஊரும் நம் ஊர் என்பதன்றோ தமிழர் கொள்கை? ஓர் ஊரையே பற்றிக்கொள்வது குறுகிய நோக்கம்' என்பர். புறநானூற்றுக் கணியன் பூங்குன்றனாரை இதற்குச் சாட்சி அழைப்பர். எல்லா ஊரையும் தம் ஊராய்க் கொண்ட அப்புலவரின் பெயரிலேயே அவர் ஊரான பூங்குன்றம் நிலைத்திருக்கிறது. எல்லா ஊரும் என் ஊர் என்பது ஒரு பேருள்ளம். எந்த ஊரும் என் ஊர் அன்று என்பது வெறும் மறதி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அப்புலவர்க்கு நாம் செய்யும் அநீதி.

செய்யத்தக்கவை

குறை சொல்லி நின்றுவிடுவது எளிது. எனவே, செய்யத்தக்கவை என்று நான் கருதும் நான்கினைச் சொல்லி அமைகிறேன்.

ஆசிரியப் பெருமக்களே, தோட்டத்து ஆசிரியர் கடிதம் எழுதிக் கொடுத்தாரே, அந்தப் பணி இன்று வேறு வடிவில் உங்களிடம் வந்துள்ளது. 'என் பாட்டி' என்னும் தலைப்பில் இனி வருணனைக் கட்டுரை கேட்காதீர்கள். பாட்டியிடம் பேசி எழுதிவரச் சொல்லுங்கள். பாட்டி பிறந்த இடம், செய்த வேலை, முதன்முதலாக வாங்கிய சம்பளம், அவருக்கு மட்டுமே தெரிந்த ஐந்து சொற்கள் ஆகியவற்றைக் கேட்டு வரட்டும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே மேற்கோளில் எழுதட்டும். தன் கூற்றைச் செந்தமிழில் எழுதட்டும். இரு தமிழும் ஒரே தாளில் அமரட்டும். ஒன்றை ஒன்று கெடுக்காது என்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

உறவுமுறைச் சொற்களைச் சொற்பட்டியலாக மனப்பாடம் செய்விக்காமல், ஒவ்வொரு மாணவனும் தன் குடும்ப மரத்தை வரைந்து, அதில் வாழும் மனிதரின் பெயரோடு பொருத்திக் காட்டச் செய்யுங்கள்.

பெற்றோர்களே, ஊருக்குப் போகுமுன் பெட்டி கட்டுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைப் பிள்ளையின் நாவுக்குச் செலவிடுங்கள். போனபின் விடுதியைத் தேடாதீர்கள். அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் படுக்கும் இடத்தில் படுங்கள். ஊரிலேயே இருந்து பெற்றோரைக் காத்த உடன்பிறப்பிடம் குறை கேட்பதை விடுத்து, ஒரு வாரம் அவர் வேலையை நீங்கள் ஏற்று அவரை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குத் தமிழ் தடுமாறுகிறது என்று கூசாதீர்கள். பாட்டி உங்களுக்கு மதிப்பெண் போடப் போவதில்லை. தவறாகவேனும் பேசுங்கள். புரியாத சொல்லுக்குத் தந்தையைத் திரும்பிப் பார்க்காமல், 'அப்படின்னா என்ன பாட்டி?' என்று அவரையே கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருக்கிறார்.

முடிவாக

2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை முழுமையாகத் திறந்தது. நள்ளிரவிலேயே மக்கள் பாலத்தில் திரண்டனர். கட்டியணைத்து அழுதனர். இனி ஒருபோதும் இப்படி விலகியிருக்க மாட்டோம் என்று எத்தனையோ பேர் உறுதி கூறினர். அந்த உறுதி எத்தனை நாள் நின்றது? மீண்டும் இரண்டு நாள் வருகை. மீண்டும் அதே பெட்டி. மீண்டும் மூலையில் அமர்ந்த பிள்ளை.

சென்ற ஆண்டு விடுமுறையில் என் மகளை என் சின்னம்மாவிடம் அழைத்துச் சென்றேன். என் தாயாரின் கடைசித் தங்கை அவர், எண்பதைக் கடந்தவர். இம்முறை நான் நடுவே அமரவில்லை; கூடத்தை விட்டு வெளியே போய்விட்டேன். உள்ளே என் மகளின் தமிழ் தடுக்கி விழுவதும், சின்னப் பாட்டி சிரிப்பதும், மறுபடி தொடங்குவதும் கேட்டன. இரண்டு மணி நேரம் கழித்து அவள் ஒரு குறிப்பேட்டோடு வந்தாள். பெரட்டு என்றால் என்ன, தவரணையில் கன்றுகளை எப்படி வளர்த்தனர், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை எத்தனை மணிக்கு விட்டுப் போயினர் என்பன அதில் இருந்தன. என் பாட்டியின் ஊர் பெயரும் இருந்தது. முசிறிக்கு அருகே ஒரு சிற்றூர். என் ஐம்பத்தேழாம் வயதில், என் மகளின் கையெழுத்தில், அதனை முதன்முதலாய்ப் படித்தேன்.

'கப்பலின் பெயர்' என்று அவள் எழுதியிருந்த வரிக்கு எதிரே மட்டும் வெற்றிடம். சின்னம்மாவுக்கு அது தெரியவில்லை. "அக்காவுக்குத்தான் தெரியும்" என்றாராம்.

அக்காவை நான் முப்பது ஆண்டுகள் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் கேட்பதற்கு இன்னும் ஒருவர் இருக்கிறார் எனின், அடுத்த விடுமுறை வரை காத்திராதீர்கள்.